பிணத்துக்குச் சுற்றிய துணி

எகிப்து மம்மி என்றதும் ஊர் உலகம் தங்கத்தைப் பார்க்கிறது. நாங்கள் துணியைப் பார்க்கிறோம். சுடுகாட்டு வேலை பார்த்த எங்கள் பாட்டன்மாருக்குக் கிடைத்த கூலியில் பிணத்தின் மேல் போட்ட கோடியும் ஒன்று. அதனால் பிணத்துத் துணி எங்களுக்கு வேடிக்கைப் பொருள் அல்ல.

1920இல் தீப்ஸில் வாஹ் என்பவரின் கல்லறை கிடைத்தது. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அரசர் அல்ல, மெகெட்ரே என்ற பெரிய அதிகாரியிடம் வேலை பார்த்தவர். அவர் உடலோடு இருந்த லினன் துணி சுமார் 375 சதுர மீட்டர். நம் நாலு முழ வேட்டிக் கணக்கில் ஏறக்குறைய 150 வேட்டி!

இதையெல்லாம் நெய்தது யார்? மெகெட்ரேயின் கல்லறையில் ஒரு மரப் பொம்மைத் தொகுப்பு இருந்தது. அதில் பெண்கள் ஆளிச்செடி நாரை நூற்கிறார்கள், தரையில் விரித்த தறியில் நெய்கிறார்கள். எசமானின் பெயர் நமக்குத் தெரியும். அந்தப் பெண்களின் பெயர் தெரியாது. ஓர் எழுத்தர் மகனுக்குச் சொல்வதாக உள்ள பழைய எகிப்திய அறிவுரை நூல், நெசவாளி படும் பாட்டை ஏளனமாகச் சொல்கிறது: வேலை குறைந்தால் அடி, வெளிச்சத்தைப் பார்க்க வாசல்காவலனுக்குச் சோறு. எழுதத் தெரிந்தவர் எழுதியது அது. நெய்தவர் எழுதியது எதுவும் நம் கைக்கு வரவில்லை.

லினன் தூய்மையானது, கம்பளியைக் கோயிலுக்குள் கொண்டுபோகக் கூடாது, அதோடு புதைக்கவும் கூடாது என்பது எகிப்தியர் வழக்கம் என்கிறார் ஹெரோடோட்டஸ். துணிக்கே தீட்டுப் பார்த்தவர்கள் மனிதரை விட்டுவைப்பார்களா? பிணத்தின் விலாவைக் கீறுகிறவர், கீறி முடித்ததும் ஓட வேண்டும். கூடியிருப்பவர்கள் சபித்துக்கொண்டே கல்லெறிவார்கள் என்று டியோடோரஸ் எழுதியிருக்கிறார். ஆனால் அதே உடலைப் பதப்படுத்துகிறவர்களுக்கோ மரியாதை உண்டு, பூசாரிகளோடு பழக்கம் உண்டு, கோயிலுக்குள் போகவும் தடையில்லை. வேலையைக் கொடுத்ததும் அவர்கள், கல்லெறிந்ததும் அவர்கள். இது நமக்குத் தெரிந்த கதைதான் தோழர்களே.

ஆனாலும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். எகிப்தில் வீட்டில் புழங்கிய பழைய துணியையும் போர்வையையும் கிழித்துப் பிணத்துக்குச் சுற்றினார்கள். உயிரோடிருப்பவரின் துணி செத்தவருக்குப் போனது. மனு அதைத் தலைகீழாக்கினார். சண்டாளர் பிணத்தின் துணியைத்தான் உடுத்த வேண்டும் என்று சட்டம் எழுதினார். அந்த மனுஸ்மிருதியைத்தான் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் பாபாசாகேப் தலைமையில் எரித்தார்கள்.

எரித்த பிறகும் சுடுகாட்டு வேலை இன்னும் பிறப்பைப் பார்த்தே தலையில் கட்டப்படுகிறது. பிணம் எரிப்பது இழிவான வேலை அல்ல. அதை ஒரு சாதிக்கு மட்டும் எழுதிவைத்ததும், செய்தவரை ஊருக்கு வெளியே நிறுத்தியதும்தான் இழிவு. அந்த வேலைக்கு முறையான சம்பளமும் கையுறையும் கேட்கிறோம். எந்தச் சாதியில் பிறந்தவரும் அதைச் செய்யட்டும் என்கிறோம். கோடித்துணி இனி எங்களுக்குக் கூலி அல்ல.