சனிக்கிழமை காலையும் 52 சீட்டும்

சனிக்கிழமை காலையில் எங்கே காணாமல் போகிறாய் என்று வகுப்பில் பல பேர் கேட்டாச்சு. பதில் இதுதான்: எட்டாம் வகுப்புப் பசங்களுக்குச் சீட்டாடச் சொல்லித்தரப் போகிறேன். அடிக்க வராதீர்கள் மக்களே, முழுசாகப் படித்துவிட்டு அடியுங்கள் :-)

சீட்டு என்றாலே நம்ம ஊரில் இரண்டு படம்தான் மனசில் ஓடும். கல்யாண மண்டப மாடியில் விடிய விடிய ரம்மி. இல்லாவிட்டால் போலீஸ் பிடித்து வரிசையாக உட்காரவைத்த மங்காத்தா கோஷ்டி. நான் சொல்லித்தருவது பிரிட்ஜ். நாலு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு ஜோடி, ஆளுக்கு 13 சீட்டு. எத்தனை ட்ரிக் எடுப்போம் என்று ஏலம் கேட்டு, கேட்டதை எடுத்துக் காட்டவேண்டும். ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுச் சேர்க்கைகள் மட்டுமே 63,500 கோடிக்கும் மேல். மனப்பாடம் பண்ணி எழுதுகிற வேலை இங்கே ஆகாது!

2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதல்முறையாக பிரிட்ஜைச் சேர்த்தார்கள். ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கியவர்கள் நம்ம பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும். வயது 60, 56. நம்ம ஊரில் இது தாத்தாக்கள் ஆட்டமாகவே நின்றுவிட்டது. எனக்குச் சொல்லித்தந்ததும் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு வங்கி அதிகாரிதான். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கியதும் அவரே. 12 பிள்ளைகள், 3 மேஜை.

ஏலம்தான் இதில் கஷ்டமான பாகம். அதனால் முதலில் மினிபிரிட்ஜ். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1, கட்டு மொத்தத்துக்கும் 40 புள்ளி. அவரவர் புள்ளியைச் சத்தமாகச் சொல்லவேண்டும். அதிகப் புள்ளி உள்ள ஜோடிக்கு ஆட்டம். கூட்டாளி தன் சீட்டை மேஜையில் விரித்து வைத்துவிடுவார். அரை மணி நேரத்தில் பசங்க ஆட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது வாரம் ஒரு பையன் சொன்னான்: "அண்ணா, அவன் 6 புள்ளின்னு சொன்னான். ஏஸும் ராணியும் போட்டுட்டான். அப்ப ராஜா அவன்கிட்ட இருக்காது." கணக்கு வராது என்று முத்திரை குத்தப்பட்ட பையன் இவன்!

நாலாவது வாரம் ஒரு அம்மா வந்தார். வீட்டுக்காரர் செல்போனில் ரம்மி ஆடி நகையெல்லாம் அடகுக்குப் போன குடும்பம். "அப்பன் கெட்டது போதாதா தம்பி, புள்ளைக்கும் சீட்டா?" என்று கேட்டார்.

இது திறமை ஆட்டம் என்று சட்டென்று சொல்லத் தோன்றியது. ஆனால் ரம்மியும் பெரும்பாலும் திறமை ஆட்டம்தான் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் திறமை ஆட்டத்தில்தான் அவர் நகை போனது. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் படித்து மார்க் வாங்குகிறோமே, அதைச் சொன்னால் மட்டும் நகை திரும்பி வருமா?

அதனால் அவரை உட்காரவைத்து ஆட்டத்தையே காட்டினேன். ட்யூப்ளிகேட் முறையில் போட்ட சீட்டை நடுவில் கலக்கமாட்டோம். ஒவ்வொருவரும் தன் முன்னாலேயே வைத்துக்கொண்டு, முடிந்ததும் கல்யாணப் பத்திரிகை கவரில் போட்டு அடுத்த மேஜைக்கு அனுப்புவோம். அதே சீட்டை அங்கேயும் ஆடுவார்கள். "எனக்கு நல்ல சீட்டே வரல" என்று அவர் மகன் அன்றைக்கும் புலம்பினான். அதே சீட்டை வைத்து அடுத்த மேஜைப் பெண் இரண்டு ட்ரிக் கூடுதலாக எடுத்திருந்தாள். பையன் வாயை மூடிக்கொண்டு அவளிடம் போய், எப்படி ஆடினாய் என்று கேட்டான்.

அந்த அம்மா கடைசியில் கேட்டது ஒன்றுதான். "இதுல காசு எங்க வருது?" "வராதும்மா, போகவும் போகாது" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சீட்டுக்கட்டு மட்டும் எங்க வீட்டுக்கு வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயமான நிபந்தனை. இன்றுவரை கட்டு பள்ளிக்கூட பீரோவில்தான் தூங்குகிறது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இன்னொரு விதி. கூட்டாளியோடு ரகசிய சங்கேதம் வைத்துக்கொள்ளக்கூடாது. நீ கேட்கும் ஏலத்துக்கு என்ன அர்த்தம் என்று எதிராளி கேட்டால், உன் கூட்டாளி மறைக்காமல் சொல்லவேண்டும். கம்பெனிக் கணக்குகளில் நாம் தேடித் தேடிப் படிக்கிற வெளிப்படைத்தன்மையை 13 வயதுப் பிள்ளைகள் சீட்டில் கற்றுக்கொள்கிறார்கள்!

2005-ல் வாரன் பஃபெட்டும் பில் கேட்ஸும் அமெரிக்கப் பள்ளிகளில் பிரிட்ஜ் சொல்லித்தர 10 லட்சம் டாலர் தர முன்வந்தார்கள். எங்களுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம் சாமி. மூன்று சீட்டுக்கட்டு இருக்கிறது, கவர் இருக்கிறது, 12 பிள்ளைகள் இருக்கிறார்கள். வருகிற ஏப்ரலோடு என் பி.காம் முடிகிறது. அதற்குப் பிறகு சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கத்தான் ஆள் இல்லை. ஜூனியர்கள் யாராவது வந்தால், ஆட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பசங்களே உங்களுக்குச் சொல்லித்தந்துவிடுவார்கள்.