மில் பணம்

இடக்கொச்சி

அன்புள்ள தங்கச்சி சாந்திக்கு,

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போடுவாய். கம்பெனிக்குப் பணம் கேட்டு வருகிற அந்த அண்ணன் எப்படியும் உங்கள் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார். இதை நீயும் மாப்பிள்ளையும் மட்டும் படியுங்கள்.

மில்லிலிருந்து ஓய்வு பெற்ற மாப்பிள்ளைக்குப் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து 13 லட்சம் வந்ததில் சந்தோஷம். ஆனால் மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி என்று அந்த அண்ணன் சொல்வதுதான் வயிற்றைக் கலக்குகிறது. அது வருஷத்துக்கு 36 சதவீதம். அவ்வளவு வட்டி கொடுத்தும் லாபம் பார்க்கிற கம்பெனிக்கு, பேங்கில் கடன் கேட்டால் அதில் பாதி வட்டிகூட ஆகாதே. ராஜபாளையத்தில் வீடு வீடாக ஏறி இறங்குவானேன்? ஆருத்ரா கம்பெனி விவகாரம் உனக்கு மறந்திருக்காது. மாதம் 25, 30 சதவீதம் என்று ஆசை காட்டி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வாங்கியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டிருக்கிறது. அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவே இல்லை. ஆள் சேர்த்துவிட்டால் அவருக்கு எவ்வளவு கமிஷன் என்று மட்டும் மாப்பிள்ளையைக் கேட்கச் சொல். கேட்கக் கூச்சமாக இருந்தால் பணத்தையும் அவரிடம் கொடுக்காதீர்கள்.

பணத்தைக் காப்பாற்றுவதில் எங்கள் பக்கத்து வீட்டுச் சேச்சியைப் பார். அரூரில் இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போகிறாள். எத்தனை கிலோ உரித்தாளோ அதற்குத்தான் கூலி. இறால் வராத நாளில் அதுவும் இல்லை. அப்படியும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துக்கு, அதாவது மகளிர் சேமிப்புக் குழுவுக்கு, பாஸ்புக்கோடு கிளம்பிவிடுவாள். ஈரக் கை படாமலிருக்க அதை பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருப்பாள். செலவு போக மிஞ்சினால் போடுவது என்ற பேச்சே அவளிடம் கிடையாது. முதலில் சேமிப்பு, பிறகுதான் மீன்கடை.

கே.எஸ்.எஃப்.இ.யில் ஒரு சிட்டியும் கட்டினாள். அது 1969-இல் திருச்சூரில் தொடங்கிய கேரள அரசுக் கம்பெனி. நம்ம ஊர் ஏலச்சீட்டுதான். மாதம் 2,500, 40 பேர், 40 மாதம், ஒரு லட்சம். மகளின் நர்சிங் ஃபீசுக்காக அவசரப்பட்டு 30 ஆயிரம் தள்ளி, 70 ஆயிரத்துக்கு எடுத்தாள். தள்ளிய 30-இல் 5 ஆயிரம் கம்பெனிக் கமிஷன். மீதி 25 ஆயிரத்தை 40 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 625. அடுத்த தவணை 1,875 கட்டினால் போதும். யாருக்கு எவ்வளவு போகிறது என்று ஏழாவது படித்தவளுக்கும் புரிகிற கணக்கு. ஆனால் ஜாமீன் இல்லாமல் பணத்தைக் கையில் தரமாட்டார்கள். சம்பள சர்ட்டிபிகேட் உள்ள ஆளைத் தேடி அலைந்து, எல்லாரையும் திட்டித் தீர்த்தாள். அந்த அலைச்சல்தான் மற்ற 39 பேரின் பணத்துக்குக் காவல் என்று உன் அத்தான் சொன்னதற்கு அவரையும் சேர்த்துத் திட்டினாள்!

ஷெட் வாசலில் பைக்கில் வந்து காகிதம் எதுவும் கேட்காமல் கந்துவட்டிக்குக் கடன் கொடுக்கிற 'பிளேடு'காரர்களும் உண்டு. அவர்களைப் பிடிக்க 2014-இல் போலீஸ் 'ஆபரேஷன் குபேரா' என்றே ஒன்று நடத்தியது. அந்தத் தொழிலில் நம்ம ஊர்க்காரர்களும் இருப்பது எனக்கு வெட்கம்தான்.

பேங்கிலேயே போட்டாலும் ஒரு விஷயம் கவனி. 1960 ஆகஸ்டில் கேரளாவின் பெரிய பேங்க், பாலாய் சென்ட்ரல் பேங்க், ஹைகோர்ட் உத்தரவில் மூடப்பட்டது. அந்த அடிக்குப் பிறகுதான் 1962-இல் டெபாசிட் இன்சூரன்ஸ் வந்தது. அன்றைக்கு 1,500 ரூபாய் வரைதான் காப்பு. 2020 முதல் 5 லட்சம் வரை, வட்டியும் சேர்த்து. ஒரே பேங்கின் நாலு கிளையில் போட்டாலும் எல்லாம் ஒரே கணக்குத்தான். தொடக்கக் கூட்டுறவுச் சொசைட்டி பேங்குகளுக்கு இந்தக் காப்பு இல்லை. 2021-இல் கருவண்ணூர் கூட்டுறவு பேங்கில் போலிக் கடன் மோசடி வெளியானபோது, வைத்தியச் செலவுக்குக்கூடத் தங்கள் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு.

என் யோசனை இது. 10 லட்சத்தைப் போஸ்ட் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். இப்போதைய 8.2 சதவீதத்தில் 3 மாதத்துக்கு ஒருமுறை 20,500 வரும். மாப்பிள்ளைக்கு 58தானே என்று யோசிக்காதே. 55 முடிந்து ஓய்வு பெற்றவரும் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் சேரலாம். மீதி 3 லட்சம் பேங்கில் இருக்கட்டும், ஆஸ்பத்திரி செலவு என்று வந்தால் வேண்டும். அங்கே டெபாசிட் போடப் போனால் மேனேஜர் நாற்காலி போட்டு உட்காரவைத்து இன்சூரன்ஸ் பாலிசி நீட்டுவார். அவருக்கும் டார்கெட் இருக்கிறது. தப்பித்தவறிக் கையெழுத்துப் போட்டுவிட்டாலும், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

இவ்வளவு சொல்கிற எனக்கு என்ன தெரியும் என்று மாப்பிள்ளை கேட்டால் நியாயம்தான். செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பதிவு எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும், செபி வெப்சைட்டில் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கு நீங்கள்தான் ஃபீஸ் கொடுக்கவேண்டும், கம்பெனியிடம் கமிஷன் வாங்கக் கூடாது. ஃபீஸ் கொடுக்க வலிக்கும், கொடுங்கள்.

பணம் கணக்கில் ஏறிய தேதியைப் பாஸ்புக்கில் பார்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. போஸ்ட் ஆபீஸ் திட்டத்தில் சேர்வதற்கான அந்த 3 மாதம் அதிலிருந்துதான் ஓடுகிறது.

அன்புடன்,
அக்கா