சாவியைத் திரும்பக் கேட்ட இரவு

திருவண்ணாமலை ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அந்த வீடு. மொட்டை மாடியில் நின்றால் ஒரு பக்கம் மலை தெரியும். மறுபக்கம் ரயில் ஹாரன் கேட்கும். மாடி அறையில், பழைய கதவுப் பலகை ஒன்றின் மேல் குட்டி ரயில் ஒன்று ஓடுகிறது. சரியாகச் சொன்னால், ஓட மறுக்கிறது.

எட்டாம் வகுப்பு படிக்கும் பேரனுக்கு மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. ஹெச்.ஓ அளவு. அதாவது, நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மி.மீ இடைவெளி. வட்டப் பாதையிலிருந்து பக்கத்து லைனுக்குப் பிரிய மூன்று பாயிண்டுகள். ஒரே மாதத்தில் மூன்றுமே மக்கர்.

"தாத்தா, வண்டி கவுந்துக்கிட்டே இருக்கு. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

தாத்தா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலியால் மாடி ஏறுவதையே விட்டிருந்தவர். அன்றைக்குக் கைப்பிடியைப் பிடித்தபடி ஏறினார்.

"எல்லா பெட்டியும் கவுருதா, ஒரே பெட்டியா?"

பேரன் யோசித்ததே இல்லை. ஓட்டிப் பார்த்தார்கள். முதல் பாயிண்டில் எல்லாப் பெட்டிகளும் கவிழ்ந்தன.

"ஒரே பெட்டி எல்லா பாயிண்ட்லயும் கவுந்தா, கோளாறு சக்கரத்துல. எல்லா பெட்டியும் ஒரே பாயிண்ட்ல கவுந்தா, கோளாறு பாயிண்ட்ல. முதல்ல கண்ணு, அப்புறம் விரல், கடைசியாத்தான் ஒயரு" என்றார் தாத்தா.

லென்ஸ் வைத்துப் பார்த்தார். வண்டியைத் திருப்பிவிடும் கூர்மையான நாக்குத் தண்டவாளம், பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டவில்லை. நடுவில் முடியும் தூசியும் சுருண்டு கிடந்தன. பல்குச்சியால் எடுத்தார். பேரன் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு ஓடி வந்தான்.

"எண்ணெய் வேணாம்டா, தூசியை இழுக்கும். பென்சிலைச் சீவி அந்தப் பொடியைத் தடவு."

முதல் பாயிண்ட் சரியானது.

இரண்டாவதில் இன்ஜின் மெதுவாகப் போனால் நின்றுவிடும். விரலால் தள்ளினால் ஓடும். தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் கிராசிங் அந்தப் பாயிண்டில் பிளாஸ்டிக். அங்கே மின்சாரம் கிடையாது. நாக்குத் தண்டவாளத்துக்கும் பக்கத்துத் தண்டவாளத்தைத் தொட்டால்தான் மின்சாரம் வரும். தொடும் இடத்தில் அழுக்கு. சக்கரங்களிலும் கறுப்பாகப் படிந்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் எல்லாவற்றையும் துடைத்ததும் இன்ஜின் நிற்காமல் கடந்தது.

மூன்றாவது பாயிண்டின் மோட்டார் அசையவே இல்லை. உள்ளே இரண்டு காயில்கள், திசைக்கு ஒன்று. மல்டிமீட்டரில் ஒன்று உயிரோடு இருந்தது, மற்றது செத்திருந்தது. தாத்தா முகர்ந்து பார்த்தார். கருகிய வாசனை.

"இதை ஒரு நொடி அழுத்தி விட்டுடணும். அழுத்திக்கிட்டே இருந்தா காயில் சூடாகிக் கருகிடும். ரொம்ப நேரம் அழுத்தினியா?"

"இல்ல தாத்தா. தானாத்தான் போயிடுச்சு."

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. கம்பி ஒன்றை வளைத்து, அந்தப் பாயிண்டைக் கையால் இழுக்கும்படி மாட்டிக் கொடுத்தார். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

"எண்பதுகள்ல நடந்தது. மீட்டர் கேஜ் காலம். சின்ன ஸ்டேஷன் ஒண்ணுல நைட் டியூட்டி. கொட்டுற மழை. பாயிண்டைத் திருப்பி, பூட்டைப் போட்டு, சாவியை ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட கொடுக்கணும். அப்புறம்தான் சிக்னல். பூட்டுறதுக்கு முன்னால குனிஞ்சு விளக்கு வெச்சு, நாக்கு ஒட்டியிருக்கான்னு பார்க்கணும். அன்னிக்குப் பார்க்கலைடா. நனைஞ்சுக்கிட்டே ஓடிவந்து சாவியைக் கொடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"உட்கார்ந்தா மனசு ஒப்பலை. லீவர் கொஞ்சம் இறுகலா வந்த மாதிரி கையில ஒரு நெனப்பு. மழையில திரும்பப் போறது கஷ்டமில்லை. சாவியைத் திரும்பக் கேக்கணுமே, அதுதான் கஷ்டம். கேட்டா, பார்க்காமப் பூட்டினேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாம சாவியை நீட்டினார். போய்ப் பார்த்தா, நாக்கு இடுக்குல ஒரு ஜல்லிச் சில்லு."

பாயிண்ட் ஒட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பேரன் கேட்கவில்லை. 2024 அக்டோபர் 11 இரவு, கவரைப்பேட்டையில் மெயின் லைனில் போகவேண்டிய பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனுக்குள் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. அன்று தாத்தா தூங்காமல் டி.வி முன்னால் உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்திருக்கிறான்.

இன்று அந்தச் சோதனைக்கு அளவே இருக்கிறது. நாக்கின் நுனிப் பக்கம் 5 மி.மீ தகடு ஒன்றை இடையில் வைத்துப் பார்ப்பார்கள். தகடு இருக்கும்வரை பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது. சிக்னலும் கிடைக்கக் கூடாது. பேரன் செல்போனில் 5-ஐ 87-ஆல் வகுத்தான். 0.06 மி.மீ கூட வரவில்லை.

"தாத்தா, இது ஒரு முடி அளவுதான்!"

"அதான் குனிஞ்சு பார்க்கணும்கிறது."

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பேரன் வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அம்மா சமையலறைக்குள் போனதும் மெதுவாகச் சொன்னான்.

"தாத்தா... பட்டனை நான்தான் அழுத்திக்கிட்டே இருந்தேன். புகை வந்ததும் பயந்துட்டேன்."

தாத்தா திட்டவில்லை. "எனக்கு வாசனையிலயே தெரியும்" என்றும் சொல்லவில்லை. மோர்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

"சாவியைத் திரும்பக் கேட்டுட்ட. சரி, சாப்பிடு."

அடுத்த பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கு வந்த கூட்டம் ஸ்டேஷன் பக்கத் தெருவெல்லாம் நிரம்பி வழிந்தது. வேலையில் இருந்த காலத்தில் தாத்தாவுக்குப் பௌர்ணமி என்றால் ஓய்வில்லாத டியூட்டி. அன்று அவர் மாடி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

புது மோட்டார் இன்னும் வரவில்லை. பேரன் மூன்றாவது பாயிண்டின் கம்பியை இழுத்தான். இன்ஜினைக் கிளப்பக் கையைக் கொண்டுபோனவன் நிறுத்தினான். தரையில் மண்டியிட்டு, டார்ச் அடித்து, நாக்குத் தண்டவாளத்தை ஒருமுறை பார்த்தான்.

"ஒட்டியிருக்கு தாத்தா."

தாத்தா பச்சை விளக்கு காட்டுவதுபோல் கையை அசைத்தார்.