எண்ணெய் ஒன்றுதானா, அக்கா?

கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ. அங்கிருந்து காரில் சில நிமிடங்களில் புந்தோங். கம்போங் கச்சாங் பூத்தே எங்கே என்று யாரிடமும் வழி கேட்க வேண்டாம். எண்ணெய் காயும் வாசம் வரும் பக்கம் போனால் போதும்.

எட்டயபுரம் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் வளர்த்த தொழில் இது. தலையில் தட்டு சுமந்தும், பிறகு சைக்கிளிலும், தியேட்டர் வாசல்களில் காகிதக் கூம்பில் மடித்து விற்றார்கள். இன்று வரிசையாகக் கடைகள். முறுக்கு, ஓமப்பொடி, பட்டாணி, முந்திரி, காரக் கடலை என்று குவிந்து கிடக்கிறது.

அம்மா வளர்ந்த ஊர் என்பதால் ஏழு வயது மகனையும் அழைத்துக்கொண்டு போனேன். எனக்கு மட்டும் உள்ளூரப் பயம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிறந்தநாள் விருந்தில் சாத்தே குவாவை விரலால் தொட்டு நக்கினான். அவ்வளவுதான். பத்தே நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சில் விசில் சத்தம் வந்தது. நிலக்கடலை ஒவ்வாமை என்பது மருத்துவமனையில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து பேனா வடிவ அட்ரினலின் ஊசி என் கைப்பையை விட்டுப் பிரிவதில்லை.

அம்மா ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்தார். “அரிசி மாவும் உளுந்தும்தானே, முறுக்குல கடலை எங்க வந்துச்சு? ஊர்ப் பலகாரத்தப் பேரன் வாயில வைக்காம போறதா?”

கடைக்கார அக்காவிடம் கேட்டேன். “இதுல கடலை இருக்கா அக்கா?”

“கொஞ்சம் கடலை மாவு போடுவோம்மா.”

அது கொண்டைக்கடலை மாவு. என் மகன் அதைச் சாப்பிடலாம் என்று மருத்துவர் சோதித்துச் சொல்லியிருக்கிறார். பாருங்கள், ‘கடலை’ என்ற ஒரே சொல் நம்மிடம் இரண்டு பயிரைக் குறிக்கிறது. மலாயில் ‘கச்சாங்’ என்றால் இன்னும் குழப்பம். செண்டோலில் போடும் சிவப்பு அவரையும் கச்சாங், பயற்றங்காயும் கச்சாங். அதனால் முழுப்பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: நிலக்கடலை, கச்சாங் தானா.

அடுத்த கேள்வியைக் கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. “எண்ணெய் ஒன்றுதானா, அக்கா?”

அவர் ஒரு கணம் யோசித்தார். “ஆமாம்மா. காலைல கச்சாங் பொரிச்ச சட்டியிலதான் முறுக்கும் போட்டோம். அள்ளுற கரண்டியும் ஒண்ணுதான். எதுக்குக் கேக்குறீங்க?”

சொன்னேன். உடனே அம்மாவின் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். “அப்ப வேணாம்மா. பிள்ளைக்குக் கொடுத்துடாதீங்க.”

ஒரு வியாபாரம் போனது. ஆனால் அந்த உண்மை எங்களுக்கு எவ்வளவு பெரியது! ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் கொதிக்கும் எண்ணெயிலும் அழிவதில்லை. கரண்டியில் ஒட்டிய துகள்கூடச் சிலருக்குப் போதும். பொட்டல உணவுகளில் நிலக்கடலை இருந்தால் லேபிளில் குறிப்பிட வேண்டும் என்று நம் நாட்டு உணவு விதிமுறைகள் சொல்கின்றன. ஆனால் கடையில் அள்ளிக் கட்டும் பலகாரத்துக்கு ஏது லேபிள்? விற்பவரின் வாய்ச்சொல்தான்.

“கொஞ்சம் சாப்பிட்டால் பழகிவிடும்” என்று வற்புறுத்தும் உறவினர்கள் நம்மிடையே உண்டு. பழகாது. மூச்சுத் திணறினால் தொடையின் வெளிப்புறத்தில் ஊசி போட்டு, 999 அழைக்க வேண்டும். அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. குணமானதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போயே தீர வேண்டும். சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம்.

வரும் வழியில் மகனுக்குத் தம்பூன் பொமலோ உரித்துக் கொடுத்தோம். தனக்காகக்கூட அம்மா ஒரு பொட்டலமும் வாங்கவில்லை.

ரயிலில் எதிர் இருக்கைப் பெண்மணி மகனிடம் பிஸ்கட்டை நீட்டினார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். “கோவிச்சுக்காதீங்க, என் பேரனுக்கு நிலக்கடலை ஆகாது. அந்தப் பாக்கெட்ட ஒருதடவ காட்டுறீங்களா?”