கல்லுவிளையில் கண்ட பாடம்

சுசீந்திரம் கடந்து கன்னியாகுமரி செல்வோர் கடலையும் பாறையையும் கண்டு திரும்புவர். நாமோ அருகிலுள்ள கல்லுவிளையில், விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள அபிவிருத்தித் திட்ட நிலையத்தை நாடினோம். பிற சமயத்தாரிடம் நன்மை கற்பதில் இழுக்கில்லை அன்றோ!

இவர்கள் பரப்பிவரும் ‘சக்தி சுரபி’ கலனில் சமையற்கழிவு அடுப்பெரிக்கும் வாயுவாகிறது. எஞ்சும் கரைசல் பயிருக்கு உரமாகிறது. அக்கழிவே குப்பைக் குழியில் அழுகினால், கரியமில வாயுவினும் கொடிதாய்ப் புவியை வெப்பமூட்டும் மீத்தேன் வானேறும். இப்பணி 2006இல் இங்கிலாந்தின் ஆஷ்டன் விருது பெற்றது.

இயற்கையைக் காக்க ஊருக்கு உரைப்போர் தம் அடுக்களையிலே தொடங்குதல் வேண்டும். வத்திக்கான் 2008இல் ஆறாம் பவுல் அரங்கின் கூரையில் ஏறத்தாழ 2,400 சூரியத் தகடுகளைப் பதித்தது. ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடல் 2015இல்தான் வந்தது.

அன்பர்களே, நம் பங்குத் திருவிழா விருந்தில் எஞ்சும் சோறு குழியில் அழுகலாமா? ஆலய வளாகத்தில் முதலில் கலன் அமையட்டும். மறையுரை பின்னர் ஒலிக்கட்டும்.