பத்தியச் சுறாவும் பாதரசமும்



பிரிக்பீல்ட்சில் வசிக்கும் என் தங்கைக்குச் சென்ற மாதம் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் காலையிலேயே அம்மா கிள்ளான் சந்தைக்குச் சென்று சுறா மீன் வாங்கி வந்துவிட்டார். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுத்தால் பால் நன்கு சுரக்கும் என்பது நம் குடும்பங்களில் வழிவழியாக வரும் நம்பிக்கை. என்னைப் பெற்றபொழுது பாட்டி அம்மாவுக்குச் சமைத்துக் கொடுத்ததும் அதுவே.

பள்ளியில் நான் அறிவியலும் கற்பிக்கிறேன். உணவுச் சங்கிலியை வெண்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். பாசி, சிற்றுயிர், சிறுமீன், பெருமீன், இறுதியில் சுறா. அம்மாவின் கைப்பையைக் கண்டபொழுதுதான், என் அம்புக்குறி சுறாவோடு நின்றுவிட்டது உறைத்தது.

நிலக்கரியை எரிப்பதாலும் தங்கம் பிரித்தெடுக்கும் தொழிலாலும் வெளியேறும் பாதரசம் கடலைச் சேர்கிறது. நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் அது பெருகி, நெடுநாள் வாழும் பெரிய மீன்களின் தசையில் மிகுதியாகத் தங்குகிறது. கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. நம் உடலில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 50 நாள் ஆகும். கருவிலுள்ள குழந்தையை அது எளிதில் அடையும். தாய்ப்பாலிலும் சிறிதளவு கலக்கும். வளரும் மூளைக்கே அதனால் கேடு மிகுதி.

ஜப்பானின் மினமாட்டாவில் இக்கொடுமை 1956-இல் வெளிப்பட்டது. தொழிற்சாலைக் கழிவால் நஞ்சேறிய மீனை உண்ட தாய்மார் சிலர் நலமாகவே தோன்றினர். அவர்கள் ஈன்ற பிள்ளைகளோ கடுமையான ஊனத்தோடு பிறந்தனர். நம் சந்தை மீனை அதனோடு ஒப்பிட இயலாதுதான். ஆயினும், கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டிய மீன்களின் வரிசையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சுறாவை வைத்துள்ளது. நெத்திலியும் மத்தியும் அவர்கள் உண்ணத்தக்க நல்ல மீன்கள் என்றும் கூறுகிறது.

தயங்கித் தயங்கி இதனை அம்மாவிடம் சொன்னேன்.

“இதைத் தின்றுதானே உன்னை வளர்த்தேன்? உனக்கு என்ன குறைந்துவிட்டது?” என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது.

“எனக்கு ஒரு குறையும் இல்லை அம்மா. ஒரு வேளை உண்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால், பத்திய நாள் முழுதும் கொடுக்கப் போகிறீர்களே! பச்சிளங்குழந்தை வேண்டாமென்று சொல்லுமா?”

அம்மா மறுமொழி கூறவில்லை. அந்தச் சுறா அன்றிரவு எனக்கும் அப்பாவுக்கும் குழம்பாயிற்று. மறுநாள் பூண்டு நிறையப் போட்ட நெத்திலிக் குழம்புடன் அம்மா பிரிக்பீல்ட்சுக்குக் கொமுட்டர் ஏறினார்.

பாட்டியின் பத்தியத்தில் இருந்தது அன்பு. அதனைக் கைவிட வேண்டியதில்லை. மீனை மட்டும் மாற்றிக்கொள்வோம்.

இப்பொழுதெல்லாம் என் வெண்பலகையில் சுறாவுக்குப் பின்னும் அம்புக்குறி நீள்கிறது. அங்கே ஒரு தாயையும், அவள் மடியில் ஒரு குழந்தையையும் வரைகிறேன்.