ஆத்துல ஒரு கால்...

நியூஜெர்சியில என்னோட வீட்டைப் பங்கு போட்டுக்கிற சீனத்து நண்பர் ஒரு வக்கீல். ஷாங்காய் ஆபீஸ்ல லீவு போட்டுட்டு வந்து, நியூயார்க்ல எல்.எல்.எம். முடிச்சு, போன ஜூலையில பார் எக்ஸாம் எழுதினார். "அட, எங்க ஜாவா சர்ட்டிபிகேஷன் மாதிரி இன்னொண்ணுதானே"ன்னு அசால்ட்டா சொல்லிட்டேன். மனுஷன் முறைச்ச முறை இருக்கே!

விஷயம் பெரிசுங்க. ரெண்டு நாள் பரீட்சை. சரியான விடையை டிக் பண்ற கேள்வி மட்டுமே 200. பாஸாக 400க்கு 266 வேணும். சீனாவுல முதல்ல புரட்டறது சட்டப் புத்தகத்தை. 2021ல அமலுக்கு வந்த சிவில் கோடுல 1260 பிரிவு. இங்கேயோ பழைய தீர்ப்புகளைத் தேடித் தேடிப் படிக்கணும். ஜாவாவுல ஊறினவனை லிஸ்ப்ல எழுதச் சொன்ன கதை. (நம்மூர் சட்டமும் இங்கிலீஷ்காரன் வழிங்கறதால நம்ம ஆளுங்க பலர் எல்.எல்.எம். இல்லாமலே இதை எழுதலாம். அதைச் சொன்னதுக்கும் முறைச்சார்.)

பாஸ் பண்ணிட்டார். நானே பிரியாணி செஞ்சேன். அதுக்கப்புறம்தான் நிஜத் தலைவலி.

ஒரு அமெரிக்க வக்கீல் நிறுவனம் தன்னோட ஷாங்காய் கிளைக்குக் கூப்பிடுது. பழைய ஆபீஸ் சம்பளம் இதுக்குப் பக்கத்துலகூட வராது. ஆனா வெளிநாட்டு நிறுவனம் அங்கே சீனச் சட்டத்துல வக்கீல் தொழில் பண்ணக் கூடாது. சீன லைசென்ஸோட தொழில் பண்றவரை வேலைக்கு வைக்கவும் கூடாது. 2002லேர்ந்து இருக்கிற விதி. சேரணும்னா லைசென்ஸை ஒப்படைச்சுட்டுத்தான் சேரணும். ரெண்டு நாட்டுச் சட்டமும் தெரியும்னுதான் கூப்பிடறாங்க, ஒண்ணைக் கீழே வெச்சுட்டு வாங்கறாங்க!

"பேசாம இங்கேயே செட்டில் ஆயிடேன்"னேன்.

"கிரீன் கார்டு வரைக்கும் சரி. சிட்டிசன் ஆனா சீனக் குடியுரிமை தானா போயிடும். அதோட அந்த லைசென்ஸும்."

நானும் எச்1பி-ல உக்காந்துக்கிட்டு ஊரா, இங்கேயான்னு மண்டையை உடைச்சுக்கிறவன்தான். ஆனா எந்த ஏர்போர்ட்ல இறங்கினாலும் என் ஜாவா ஜாவாதான், யாரும் பிடுங்க முடியாது. அவரோ படிச்ச படிப்பையே எல்லையில கழட்டி வெக்கணும். அந்த லைசென்ஸ் வந்த அன்னிக்கு அவங்கப்பா சொந்தக்காரங்களை எல்லாம் கூப்பிட்டு விருந்து வெச்சாராம். விஷயம் இன்னும் அப்பாவுக்குத் தெரியாது.

நேத்து ராத்திரி சமையல்கட்டுல உக்காந்து அந்த ஆஃபர் லெட்டரை மறுபடியும் படிச்சுட்டு இருந்தார். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்.

"நீயா இருந்தா என்ன பண்ணுவே?"ன்னார்.

நான் டீ போடறேன்னு எழுந்துட்டேன்.